மருந்தகத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை



பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கல்வி உதவி கேட்டு நம்மிடம் வரும் பெற்றோர் பலரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "நீட்டில் மார்க் போதவில்லை. இனி மருத்துவத் துறையில் என் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?" டெல்லி ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகம் வளர்ந்த விதத்தைப் பார்த்தாலே இதற்குப் பதில் கிடைக்கும்.

1906ஆம் ஆண்டு ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் பழைய டெல்லியில் சிறிய யூனானி மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். நோன்பு காலத்தில் நம் வீடுகளுக்கு வரும் ரூஹ் அஃப்ஸா சர்பத் அங்கு பிறந்ததுதான். 1922இல் அவர் வஃபாத்தானபோது மூத்த மகன் அப்துல் ஹமீத் சிறுவர். தாயார் ராபியா பேகம் தொழிலைக் காத்து நின்றார். மகன் யூனானி மருத்துவம் கற்றுப் பொறுப்பேற்றார். 1948இல் அந்த நிறுவனத்தை வக்ஃப் ஆக்கினார்.

முதல் பாடம் இங்கே இருக்கிறது. கட்டடத்துக்கு ஒருமுறை வசூல் செய்துவிடலாம். ஆசிரியர் சம்பளமும் ஆய்வுக்கூடச் செலவும் ஆண்டுதோறும் வரும். நிற்காத வருமானம் ஒன்று பின்னால் இருந்ததால்தான் அவரால் நீண்ட காலத் திட்டம் போட முடிந்தது.

அடுத்து, அவர் தொடங்கியவற்றின் வரிசையைக் கவனியுங்கள். 1962இல் மருத்துவ வரலாறு மற்றும் மருத்துவ ஆய்வு நிறுவனம். 1963இல் யூனானி மருத்துவக் கல்லூரி. 1972இல் மருந்தியல் கல்லூரி. பிறகு மருத்துவமனையும், நபி (ஸல்) காலத்தில் காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) பெயரில் செவிலியர் கல்லூரியும் வந்தன. 1989இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது 2012இல்தான். ஆய்வு நிறுவனம் தொடங்கி 50 ஆண்டுகள் கழித்து!

ஆய்வு ஏன் முதலில் வந்தது? ஒரு யூனானி மருந்தை எடுத்துக்கொள்வோம். அதில் சேரும் மூலிகை சரியானதுதானா என்று தாவரவியல் படித்தவர் சொல்ல வேண்டும். அதிலுள்ள வேதிப்பொருள் எது என்று வேதியியலார் பிரித்துக் காட்ட வேண்டும். எந்த அளவுக்கு மேல் போனால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு என்று நச்சியல் அறிந்தவர் சோதிக்க வேண்டும். உடலில் அது எப்படி வேலை செய்கிறது என்று மருந்தியலார் கண்டறிய வேண்டும். ஹகீம் எழுதும் ஒரு சீட்டுக்குப் பின்னால் இத்தனை துறைகள் இருக்கின்றன.

இந்த வேலைக்கு வந்தவர்களே மாணவர்களுக்கும் கற்பிக்கிறார்கள். அவர்களிடம் படிப்பவர்கள் முனைவர் பட்டம் பெற்று நாளைய ஆசிரியர்களாகிறார்கள். இப்படித்தான் ஆய்வும் பட்டப்படிப்பும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. ஆய்வு இல்லாத கல்லூரி, பிறர் எழுதிய பாடத்தை ஒப்பிப்பதோடு நின்றுவிடும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மருத்துவத் துறை என்றால் டாக்டர் மட்டுமே என்று நாம் எண்ணிவிட்டோம். நீட் தேவைப்படாத பி.பார்ம்., உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற படிப்புகள் இருக்கின்றன. எம்.எஸ்ஸி. முடித்தவர் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், அரசே மாத உதவித்தொகை தருகிறது. 2023 முதல் அது 37,000 ரூபாய். படிப்பைத் தொடர வாப்பாவின் கடனை நம்பியிருக்க வேண்டியதில்லை.

நீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வீட்டில் காத்திருக்கும் பெண் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். வரன் வந்ததும் அந்தக் காத்திருப்பு முடிந்துவிடுகிறது, படிப்பும் முடிந்துவிடுகிறது. மீண்டும் எழுத விரும்புபவர் எழுதட்டும். அதோடு ஒரு பட்டப்படிப்புக்கும் விண்ணப்பித்து வையுங்கள். கல்லூரியில் சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: படிப்புக்கு உரிய அங்கீகாரம் உண்டா? ஆசிரியர்களில் முனைவர் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் தம் கையால் செய்து பார்க்கிறார்களா?

நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் நம்மை ஏவியிருக்கிறார்கள். அந்தத் தேடலில் ஆய்வுக்கூடத்தில் நிற்பவருக்கும் பங்கு உண்டு. அறிவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவ மாணவியர், பெற்றோருடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கூடிப் பேசி, இன்ஷா அல்லாஹ், வழி காண்போம். பயன் தரும் கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.