இறால் ஏன் கறுக்கிறது? நொதிகளைப் பற்றி ஒரு பாடம்



வலையிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி போல் இருக்கும் இறால், எடை போடுவதற்குள் தலை கறுத்து விடுகிறது. விலையும் இறங்கி விடுகிறது. பழவேற்காடு ஏரியில் பாடு முறைப்படி தம் முறை வரும் நாளில் வலை கட்டுகிறவர்களுக்கு இது சிறிய நஷ்டம் அல்ல. அந்த இறாலை வாங்கி விற்கும் நம் குடும்பங்களுக்கும் அப்படியே. இதற்கான காரணம் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் 'நொதிகள்' பாடத்தில் இருக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்காக அதை இங்கே எழுதுகிறோம்.

நொதி என்றால் என்ன?

உடலில் நடக்கும் வேதி மாற்றங்களை வேகப்படுத்தும் புரதமே நொதி. இதை என்சைம் என்றும் சொல்வார்கள். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறது அல்லவா? எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதே காரணம். கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் சேர்க்கிறோம். அதிலுள்ள நொதி இறைச்சியின் புரதத்தை அறுத்து மென்மையாக்குகிறது.

உயிர் போனாலும் நொதி வேலையை நிறுத்துவதில்லை. 1897-ல் எடுவர்ட் புக்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஈஸ்ட்டை அரைத்துச் சாறு பிழிந்தார். உயிருள்ள செல் இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையைப் புளிக்க வைத்தது. இதற்காக 1907-ல் நோபல் பரிசு பெற்றார். இறந்த இறாலிலும் இதுதான் நடக்கிறது. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு கறுப்பு நிறமியை உண்டாக்குகிறது. இந்தக் கறுப்பு நஞ்சல்ல. ஆனால் இறாலைக் குளிர வைக்கத் தாமதமாகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நொதியின் வேகத்தை மாற்றுபவை

1. சூடு: பொதுவாக 10 டிகிரி சூடு ஏறினால் நொதியின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்; 10 டிகிரி இறங்கினால் பாதியாகும். 30 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் மாற்றம் 20 டிகிரியில் இரண்டு மணி நேரம், 10 டிகிரியில் நான்கு மணி நேரம், ஐஸில் எட்டு மணி நேரம் எடுக்கும் என்று கணக்கிடலாம். ஐஸ் நொதியை அழிப்பதில்லை, மந்தமாக்குகிறது. வெளியே எடுத்து வைத்தால் மறுபடி வேகம் பிடிக்கும். கொதிக்கும் நீரோ நொதியின் உருவத்தையே குலைத்து விடும். அதனால்தான் நன்றாக வெந்த இறால் கறுப்பதில்லை.

2. காற்று: நறுக்கிய வாழைக்காயைத் தண்ணீரில் போடுகிறோம். இறாலைக் கறுக்க வைக்கும் அதே வகை நொதிதான் வாழைக்காயிலும் இருக்கிறது. தண்ணீர் காற்றைத் தடுப்பதால் அதன் வேலை தாமதப்படுகிறது.

3. புளிப்பு: ஒவ்வொரு நொதிக்கும் ஏற்ற புளிப்பு நிலை உண்டு. இரைப்பையின் பெப்சின் கடும் அமிலத்தில் வேலை செய்யும். எச்சிலின் நொதி அங்கே செயலிழக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் கறுக்க வைக்கும் நொதியும் தளர்ந்து விடும்.

4. ஈரமும் உப்பும்: நொதிக்கும் கிருமிக்கும் நீர் வேண்டும். கருவாட்டில் உப்பும் வெயிலும் நீரை எடுத்து விடுவதால் அவை அடங்குகின்றன. மழைக்காலத்தில் சரியாகக் காயாத கருவாடு கெடுவதும் இதனால்தான்.

உடல்நலத்துக்கு ஓர் எச்சரிக்கை

விலை குறைவதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால், அவற்றில் பெருகும் சில கிருமிகளின் நொதி ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகிறது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, வாந்தி வரலாம். சமைத்தால் கிருமி சாகும், நொதியும் குலையும். ஆனால் ஏற்கெனவே உண்டாகி விட்ட ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, கருவாடாக்கினாலும் போகாது. ஆகவே "நன்றாக வேக வைத்தால் சரியாகி விடும்" என்று எண்ணிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

* ஐஸைக் கரைக்கு வந்த பிறகு தேடாமல், படகில் ஏறும்போதே பெட்டியில் கொண்டு செல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இழந்ததைப் பிறகு போடும் ஐஸ் திருப்பித் தராது.
* இறாலைச் சுத்தமான நீரில் அலசி, ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு இறால் என வையுங்கள். நம் வெப்பத்துக்கு இறாலின் எடை அளவுக்கு ஐஸ் வேண்டும். உருகிய நீர் வடிய வழி இருக்கட்டும்.
* ஐஸ் இல்லாத நேரத்தில் நிழலும் ஈரச் சாக்கும் ஓரளவு உதவும். வெயிலில் குவித்து வைக்காதீர்கள்.
* இறாலின் செரிமான நொதிகள் தலைப்பகுதியில் இருக்கின்றன. வீட்டுக்கு வாங்கியதைத் தலை நீக்கி, அலசி, உடனே குளிரில் வையுங்கள்.
* கறுக்காமல் இருக்கச் சிலர் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் மருந்து சேர்ப்பதுண்டு. இது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். அளவு அறியாமல் தொடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை

ஒரு வாழைக்காயை நான்கு துண்டாக நறுக்குங்கள். ஒன்றைத் திறந்து வையுங்கள். ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். ஒன்றைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வேக வைத்து எடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை பார்த்து, எது முதலில் கறுக்கிறது என்று குறித்து வையுங்கள். பிறகு காரணத்தை வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். கிடைத்த ரிஸ்க் வீணாகாமல் காக்க அந்தப் படிப்பு வீட்டுக்கும் உதவட்டும்.