வாவியைக் கடக்கும் பாதை

பாதை என்றால் என்ன? நாம் நடந்து போகும் வழி. இலங்கையின் கிழக்குப் பகுதியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அங்கே தண்ணீரில் மிதந்து போகும் பாதை இருக்கிறது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அது அக்கரைக்குப் போகும். அதையும் மக்கள் 'பாதை' என்றே சொல்கிறார்கள்.

இரண்டு கரைகள்

மட்டக்களப்பில் ஒரு பெரிய வாவி இருக்கிறது. வாவி என்றால் ஏரி. இதன் நீளம் சுமார் 56 கிலோமீட்டர். கடலோடு சேர்வதால் இதன் நீர் உப்புக் கரிக்கும்.

வாவிக்குக் கிழக்கே இருப்பது எழுவான்கரை. சூரியன் எழும் கரை என்று பொருள். மேற்கே இருப்பது படுவான்கரை. சூரியன் சாயும் கரை என்று பொருள். எவ்வளவு அழகான பெயர்கள்!

படுவான்கரையில் வயல்கள் அதிகம். மாடுகளும் அதிகம். எழுவான்கரையில் பெரிய சாலை இருக்கிறது. கடைகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. நெல் இக்கரைக்கு வரவேண்டும். மீனும் துணியும் அக்கரைக்குப் போகவேண்டும். இரவில் ஒருவரைப் பாம்பு கடித்தால் உடனே வாவியைக் கடக்கவேண்டும். சுற்றிப் போனால் பல கிலோமீட்டர் தூரம். உயிர் காத்திருக்குமா?

அதனால்தான் பாதைகள் ஓடின. குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஒரு பாதை. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே ஒரு பாதை. மண்முனையிலும் ஒரு பாதை. மண்டூர் முருகன் கோயில் திருவிழா வந்தால் துறையில் கூட்டம் நிறைந்துவிடும். போர் நடந்த ஆண்டுகளில் துறைகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன. அப்போதும் மக்கள் கடந்துதான் ஆகவேண்டும்.

வடம் பிடித்து ஓடும் விதம்

இப்படிப்பட்ட மிதவைகளைப் பல வகையில் ஓட்டலாம். கழி ஊன்றித் தள்ளலாம். மோட்டார் படகால் இழுக்கலாம். வடம் கட்டியும் ஓட்டலாம். வடம் கட்டும் முறை உலகில் பல இடங்களில் இருக்கிறது.

இரு கரையிலும் உறுதியான கம்பங்களை நடுகிறார்கள். கம்பங்களுக்கு இடையே கயிறு அல்லது கம்பி வடத்தைக் கட்டுகிறார்கள். மிதவையின் ஓரத்தில் கப்பிகள் இருக்கும். கிணற்றில் நீர் இறைக்கும் கப்பி போன்றவைதான். வடம் கப்பிகளின் வழியாகப் போகும். அதனால் காற்று அடித்தாலும் மிதவை வழி மாறாது.

ஆட்கள் மிதவையின் முன்பக்கம் நின்று வடத்தைப் பிடிக்கிறார்கள். பிடித்தபடியே பின்பக்கம் நடக்கிறார்கள். அவர்கள் காலடியில் மிதவை முன்னே நகர்கிறது. எண்ணெய் வேண்டாம், எஞ்சின் வேண்டாம்.

ஓடும் ஆற்றில் இழுக்கவும் தேவையில்லை. வடத்தில் கட்டிய படகைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் போதும். ஆற்று நீரே அதை அக்கரைக்குத் தள்ளிவிடும். ஸ்விட்சர்லாந்து நாட்டில் பாசல் என்ற நகரம் உள்ளது. அங்கே ரைன் ஆற்றில் 1854 முதல் இப்படிப்பட்ட படகுகள் ஓடுகின்றன.

நம் நாட்டின் தலைநகரான தில்லியில் வேறு வழி செய்தார்கள். யமுனை ஆற்றில் படகுகளை வரிசையாகக் கட்டினார்கள். அவற்றின்மேல் நடந்து கடந்தார்கள். அதற்குப் படகுப் பாலம் என்று பெயர். 1857-ல் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் தில்லிக்குள் நுழைந்தார்கள். 1860-களில் அங்கே இரும்புப் பாலம் வந்தது.

எவ்வளவு சுமை ஏற்றலாம்?

ஒரு கணக்குப் போடுவோம். 200 லிட்டர் பிடிக்கும் காலிப் பீப்பாய் ஒன்று இருக்கிறது. அது முழுதும் மூழ்கும்போது சுமார் 200 கிலோ எடையைத் தாங்கும். பீப்பாயின் எடையே சுமார் 20 கிலோ. மீதி 180 கிலோ. பத்துப் பீப்பாய்களைக் கட்டினால் 1,800 கிலோ. மேலே போடும் பலகையின் எடை 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,400 கிலோ.

அப்படியானால் 1,400 கிலோ ஏற்றலாமா? கூடாது. அவ்வளவு ஏற்றினால் பீப்பாய்கள் முழுதும் மூழ்கிவிடும். பாதிச் சுமைதான் ஏற்றவேண்டும். அதாவது 700 கிலோ. ஓர் ஆள் 60 கிலோ என்றால் 11 பேர். எல்லோரும் ஒரே பக்கம் போய் நின்றால் அந்த 11 பேரும் ஆபத்தில் சிக்கலாம்.

பாலம் வந்த இடம், வராத இடம்

மட்டக்களப்பு அருகே கல்லடியில் 1924-லேயே பாலம் வந்துவிட்டது. மண்முனையில் 2014-ல்தான் பாலம் வந்தது. ஜப்பான் நாடு அதற்கு உதவியது. அங்கே பாதைக்கு வேலை முடிந்தது.

திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா என்ற ஊர் இருக்கிறது. அங்கே 2009-ல் பெரிய பாலம் திறந்தார்கள். அதன் நீளம் 396 மீட்டர். அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி என்ற இடத்திலும் ஒரு பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடியும்வரை மக்கள் மிதவையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 அன்று காலை அந்த மிதவை கவிழ்ந்தது. ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

பாலம் கட்டும் வேலை நடந்தால் மட்டும் போதாது. அது முடியும்வரை மக்கள் கடக்கும் வழியும் பத்திரமாக இருக்கவேண்டும். இதைக் கேட்பது மக்களின் உரிமை.

நினைவில் வையுங்கள்

படகுத்துறையில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகையில் எழுதி வைக்கவேண்டும். பலகை இல்லையென்றால் ஊராட்சிக்கு மனு எழுதுங்கள். பலகை இருந்தால் அதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். கூட்டம் அதிகமானால் அடுத்த நடைக்குக் காத்திருங்கள். மிதவைச் சட்டை இருந்தால் முதலில் பிள்ளைகளுக்குப் போடுங்கள். அவசரத்தில் மிச்சமாவது பத்து நிமிடம். போவது உயிராக இருக்கலாம்.

விடை எழுதுங்கள்

1. எழுவான்கரை, படுவான்கரை: இவற்றின் பொருள் என்ன?
2. மிதவை வழி மாறாமல் போக எது உதவுகிறது?
3. இருபது பீப்பாய்களின்மேல் 800 கிலோ பலகை போட்டால் எத்தனை கிலோ சுமை ஏற்றலாம்?
4. உங்கள் ஊரில் ஆறு, ஏரி, ஓடையை மக்கள் எப்படிக் கடக்கிறார்கள்? அது பத்திரமானதா? கூடிப் பேசுங்கள்.