உறைபெட்டிக்குள் காந்தம்



மீன் வியாபாரம் செய்யும் என் மாமா ஒருநாள் கேட்டார்: "ஏன்டா மாப்ளே, காந்தம் வச்ச ப்ரீசர்ல போட்டா மீன் புதுசு மாதிரியே இருக்குமாமே? கடன வாங்கியாவது ஒண்ணு போட்றலாமா?" மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்று நம்பிக் கேட்டார். எனக்கோ பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே தருகிறேன்.

முதலில் அடிப்படை. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. மீனிலுள்ள நீரில் பெரும்பகுதி -1 முதல் -5 டிகிரி செல்சியசுக்குள் உறைகிறது. இந்தக் கட்டத்தை மெதுவாகக் கடந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து திசுவைச் சிதைக்கும். உருகும்போது சாறு வடிந்து மீன் தொளதொளத்துவிடும். வேகமாகக் கடந்தால் படிகங்கள் சிறியவை, சேதமும் குறைவு.

காந்தம் எங்கே வந்தது? ஜப்பானில் ஏபிஐ நிறுவனம் 'செல்ஸ் அலைவ் சிஸ்டம்' என்ற பெயரில், காந்தப்புலத்தோடு உறையவைக்கும் முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீர் உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் இருப்பது மிகைக்குளிர்வு. காந்தப்புலம் இந்நிலையை நீட்டித்து, பிறகு எங்கும் ஒரே சமயத்தில் நுண்படிகங்களை உண்டாக்கும் என்பதே வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீர் ஒரு டயாகாந்தப் பொருள். காந்தம் அதை மிக லேசாகத்தான் விலக்கும். 1997-இல் நெதர்லாந்தில் ஒரு தவளையை அந்தரத்தில் மிதக்கவிடவே சுமார் 16 டெஸ்லா தேவைப்பட்டது. 2009-இல் ஜப்பானில் சுசுகி குழுவினர் சுமார் 0.5 மில்லிடெஸ்லா புலத்தில் காய்கறிகளை உறையவைத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரே எடையில் இரண்டு மீன் துண்டுகள். ஒன்றைச் சுற்றி மட்டும் காயில். காயிலுக்குள் இருந்த துண்டில் சாறு குறைவாக வடிந்தது! துள்ளிக் குதித்துக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, இடத்த மாத்தி வச்சுப் பாத்தியா?"

மாற்றி வைத்தேன். இம்முறை காயில் இல்லாத துண்டு ஜெயித்தது! காரணம், அந்த இடம் விசிறிக்கு நேர் எதிரே இருந்தது. குளிர்காற்று வேகமாகப் பட்ட துண்டு விரைவாக உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். காந்தத்துக்கு நான் கொடுத்த மாலை விசிறிக்கு உரியது.

மாமாவிடம் சொன்னேன்: "காந்தம் கெடக்கட்டும் மாமா. காத்து வேகம், தட்டுக்குத் தட்டு இடைவெளி, துண்டோட கனம், இத மொதல்ல கவனிங்க. மெஷின் விக்கிறவங்க வந்தா, அதே பெட்டியில, அதே எடத்துல, காந்தத்தப் போட்டு ஒரு தடவ, நிறுத்தி ஒரு தடவ செஞ்சு காட்டச் சொல்லுங்க."

மாமா கடன் வாங்கவில்லை. நண்பர்களே, நாளை நாமும் இயந்திரம் வாங்குவோம், விற்போம். அப்போது இடத்தை மாற்றி வைத்துப் பார்க்க மறக்க வேண்டாம்.