மோல்டுக்குப் பணம் கட்டும் முன்… ஒரு மாதிரி செஞ்சு பாருங்க!

தையல் மெஷின்ல மாட்டி, டிசைனைப் பார்த்துக்கிட்டே தைக்க ஒரு செல்போன் ஸ்டாண்டு. இப்படி ஒரு யோசனை உங்ககிட்ட இருக்குன்னு வெச்சுக்குவோம். ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக்கில் தயாரிக்க இரும்பு மோல்டு வேணும். அதுக்கு லட்சக்கணக்கில்கூட செலவாகும். வெட்டிய பிறகு 1 மி.மீ. தப்புன்னு தெரிஞ்சா? அதனாலதான் முதலில் 3டி பிரிண்டரில் ஒரு மாதிரி.

அமெரிக்காவின் சக் ஹல் 1984-ல் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சின்ன பிளாஸ்டிக் மாதிரி ஒன்று கைக்கு வரவே அப்போது வாரக்கணக்கில் ஆனது. இப்போ சில மணி நேரம் போதும்.

எப்படிச் செய்வது?

1. அளவு: வெர்னியர் காலிபரில் அளந்துக்கோங்க. போனை உறையோடு அளக்கணும். போன் நுழையும் இடத்தில் அரை மி.மீ. கூடுதலா விடுங்க, சரியான அளவு வெச்சா இறுகிடும்.

2. வரைபடம்: டிங்கர்கேட் இலவசம். பிரவுசரிலேயே வரையலாம்.

3. ஃபைல்: எஸ்.டி.எல். வடிவில் சேமியுங்க. அதில் மி.மீ.யா, அங்குலமா என்ற விவரம் இருக்காது. பிரிண்ட் போடுபவரிடம் நீங்கதான் சொல்லணும்.

4. அடுக்கு: ஸ்லைசர் மென்பொருள் வரைபடத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரிக்கும். ஒரு அடுக்கு 0.2 மி.மீ. என்றால், 6 செ.மீ. உயரத்துக்கு 300 அடுக்கு.

5. பிரிண்ட்: பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை சுமார் 200 டிகிரியில் உருகி, அடுக்கு மேல் அடுக்காகப் படியும்.

6. சோதனை: மெஷின்ல மாட்டி ஓட்டிப் பாருங்க. அடுக்குகள் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் உடையும். உடைஞ்சா கவலை வேண்டாம். ஃபைலைத் திருத்தி, படுக்க வெச்சு மறுபடி பிரிண்ட் போடுங்க. பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே இளகும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீங்க.

பிரிண்டர் வாங்க வேண்டியதில்லை. பிரிண்ட் போட்டுத் தரும் கடைகள் இருக்கு. ஃபைலைக் காட்டி முதலிலேயே விலை கேளுங்க. உங்க பிள்ளை படிக்கும் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருந்தா, மாணவர்கள் அங்கேயே பழகலாம்.

கடைசியா ஒன்று. மாதிரி நல்லா வந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுடாதீங்க! முன்பே வெளியான யோசனைக்குக் காப்புரிமை கிடைப்பது கஷ்டம். முதலில் விண்ணப்பம். ஆன்லைனிலேயே செய்யலாம், அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கு. அப்புறம் ஊருக்கே காட்டுங்க!