குறிப்பால் தந்த வாக்கு

நம் இலக்கண நூலார் பொருளை வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பகுப்பர். வாக்குக்கும் இப்பாகுபாடு பொருந்துமா? வாயால் சொன்னதை மீறியவனுக்குப் பழி உண்டு. சொல்லாமல் உணர வைத்ததை மீறியவனுக்கு? இவ்வினாவை ஒரு கைபேசி விளையாட்டைக் கொண்டு ஆராய முற்படுகிறேன். விளையாட்டை வைத்து ஆராய்ச்சியா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நம் விடுதியில் விளக்கு அணைந்த பின்னும் ஒளிரும் கைபேசிகளை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் 20 பேர் மாண்ட ஜூன் மாத மோதலின் சூடு அப்போது ஆறவில்லை. செப்டம்பர் 4இல், பெங்களூரின் என்கோர் கேம்ஸ் நிறுவனத்தின் 'ஃபௌ-ஜி' என்னும் விளையாட்டை இந்தி நடிகர் அக்ஷய் குமார் நாட்டுக்கு அறிவித்தார். நிகர வருவாயில் 20 விழுக்காடு, வீரர் குடும்பங்களுக்கான 'பாரத் கே வீர்' நிதிக்குச் செல்லும் என்றார்.

அறிவிப்பின் சொற்களை மட்டும் நோக்கினால் பெரிய வாக்கு ஒன்றும் இல்லை. 'அதிரடி விளையாட்டு' என்றுதான் இருந்தது. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவர் எஞ்சும்வரை போரிடும் பப்ஜி முறை இதிலும் உண்டு என்று அதில் ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் குறிப்பை நோக்குங்கள். ஃபௌஜி என்றால் இந்தியில் போர்வீரன். இடையில் ஒரு கோடு இட்டவுடன் அது பப்ஜிக்கு இயைபாக ஒலிக்கிறது. நாளோ, தடைக்குப் பின் இரண்டாம் நாள். துணைக்கு நாட்டுப்பற்று. 'இழந்ததற்கு ஈடாக நம் நாட்டுப் பப்ஜி வருகிறது' என்றே இளைஞர் பொருள் கொண்டனர். அவர்கள் பிழையாகப் படித்தனர் என்று நான் சொல்லமாட்டேன்.

தசரா நாளில் வந்த முன்னோட்டம் நவம்பரில் வெளியீடு என்றது. நவம்பர் இறுதியில் கிடைத்தது முன்பதிவு மட்டுமே. விளையாட்டு 2021 ஜனவரி 26இல் வந்தது. திறந்தால், தனியொரு வீரன் பனிமலையில் நடந்து கையாலும் தடியாலும் பகைவரை அடிக்கும் கதை. துப்பாக்கி இல்லை, உடன் ஆட நண்பனும் இல்லை. பிற ஆட்ட முறைகள் 'விரைவில்' என்ற சொல்லோடு பூட்டிக் கிடந்தன. துப்பாக்கி இல்லாமை குறையன்று. கல்வானில் உண்மையிலேயே மோதல் அப்படித்தான் நடந்தது. ஆயினும் கூகுள் பிளேயில் உயர்ந்து நின்ற மதிப்பெண் சில நாட்களில் ஐந்துக்கு மூன்றளவாகச் சரிந்தது. குழு ஆட்டம் ஜூனில் சோதனையாக வந்தது. ஜூலை 2இல் பப்ஜியே வேறு பெயர் பூண்டு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டது.

இதனோடு ஒப்பிட இங்கிலாந்தில் ஒன்று உண்டு. ஹலோ கேம்ஸ் நிறுவனம் 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டது. ஆடுவோர் ஒருவரையொருவர் சந்திக்க இயலும் என்று அதன் தலைவர் ஷான் மர்ரி முன்னரே நேர்காணல்களில் கூறியிருந்தார். வெளியான உடனே இருவர் ஒரே கோளின் ஒரே இடத்தில் போய் நின்றனர். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை! இது வெளிப்படை வாக்கின் மீறல். ஆகவே எது கடன் என்பது இரு சாராருக்கும் தெரிந்திருந்தது. 2018 ஜூலையில் தனிக்கட்டணம் இன்றி அதனை அடைத்தனர். வெறுத்துப் போனவர் பலர் திரும்பினர்.

குறிப்பால் தந்த வாக்குக்கோ இவ்வழி இல்லை. 'நான் அப்படிச் சொன்னேனா?' என்று நிறுவனம் கேட்கலாம். காட்டுவதற்கு ரசிகனிடம் சீட்டு ஏதும் இல்லை. காசு கொடாதவனுக்கு என்ன இழப்பு என்பாரும் உளர். அவன் கொடுத்தது சுதேசிப் பொருள் மீதுள்ள பற்று. அடுத்து வரும் உள்நாட்டு விளையாட்டு, தான் செய்யாத குற்றத்துக்காக ஐயத்தோடு வரவேற்கப்படும். காசை விட அது பெரிய இழப்பென்பது என் கருத்து.

'விரைவில்' என்று எழுதி விற்கும் வசதி பழைய விளையாட்டுகளுக்கு இல்லை. மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கஞ்சீபா என்னும் வட்டச் சீட்டாட்டங்கள் பலவற்றை வகுத்து, ஸ்ரீதத்துவநிதியின் கௌதுகநிதிப் பகுதியில் விளக்கியுள்ளார். அவற்றுள் ஒன்றுக்கு 360 சீட்டுகள். ஓவியர் அத்தனையையும் தீட்டி முடித்துக் கையில் கொடுத்தாக வேண்டும். வாங்கியவர் பாயில் பரப்பி எண்ணிக்கொள்வார்.