கல் என்று எறியாதீர்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொழும்பு புறக்கோட்டையில் சுமை தூக்கும் நாட்டாமி கண்ணாடிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவார். அரிசி மூட்டையைத் தோளிலிருந்து அப்படியே சரிப்பார். காரீய (கிராஃபைட்) மூட்டை வந்தால்? பெரும்பாலும் அரிசிக்கு நடப்பதுதான் அதற்கும் நடக்கிறது. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்திலிருந்து எடுத்த கனிமம், மேலே வந்தபின் கைபடும் விதத்தில் மதிப்பிழக்கிறது.

நம்பிக்கை: கல்தானே, விழுந்தால் என்ன?

உண்மை: மோஸ் கடினத்தன்மை அளவில் காரீயம் 1 முதல் 2 வரைதான், நகத்தாலேயே கீறலாம். அதன் காபன் அணுக்கள் ஏடு ஏடாக அமைந்தவை. ஏட்டுக்கு ஏடு பிடிப்புக் குறைவு. நம் காரீயத்தைக் கட்டி, சில்லு, தூள் என்று தரம் பிரித்தே விற்கிறார்கள். எறிந்த மூட்டைக்குள் கட்டி சில்லாகும், சில்லு தூளாகும். தராசில் எடை குறையாது, விலை குறையும்.

நம்பிக்கை: பாரமான சரக்கு லொறியில் அசையாது.

உண்மை: பாரம் கூடக்கூடத் தள்ளும் விசையும் கூடும். கொள்கலன்களில் சரக்கேற்றுவதற்கான 2014ஆம் ஆண்டின் சர்வதேச நெறிக்கோவை, வீதியில் பிரேக் பிடிக்கும்போது சரக்கின் எடையில் 0.8 பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்று கணக்கிடச் சொல்கிறது. 10 தொன் சரக்கென்றால் 8 தொன் எடைக்குச் சமமான விசை. மூட்டைகளைப் பலகைத் தட்டில் இடைவெளியின்றி அடுக்கிப் பட்டியால் இறுக்குங்கள்.

நம்பிக்கை: காரீயமும் கரிதான், தானாகத் தீப்பிடிக்கும்.

உண்மை: கப்பலில் தானாகச் சூடேறக்கூடியதென்று 4.2ஆம் வகுப்பில் வைக்கப்பட்டிருப்பது சிரட்டைக்கரி போன்ற கரிவகைகள். காரீயக் கட்டி அப்படிப்பட்டதல்ல. அதன் ஆபத்து தூளில் இருக்கிறது: மின்சாரத்தைக் கடத்தும், தரையை வழுக்க வைக்கும். களஞ்சியத்தில் மின்பலகைக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள்.

நம்பிக்கை: நனைந்தால் காய்ந்துவிடும்.

உண்மை: காரீயம் நீரில் கரையாதுதான். ஆனால் ஈரம் எடையைக் கூட்டும். வாங்குபவரோடு தகராறு வரும். காரீயமும் களிமண்ணும் சேர்த்துச் செய்த, உலோகம் உருக்கும் மூசைக்கோ ஈரம் எமன். செட்டியார் தெரு நகைப் பட்டறைகளில் தங்கம் உருகுவது 1064 பாகை செல்சியஸில். ஈரம் குடித்த மூசையை அந்தச் சூட்டில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதைப் பிளந்துவிடும். மூசைகளைத் தரையில் வைக்காமல் உலர்ந்த தட்டில் வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகாதீர்கள். வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது; மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது.

நம்பிக்கை: உடைந்தால் குற்றம் நாட்டாமியுடையது.

உண்மை: ஒருவர் மெல்ல இறக்கி வைக்க முடியாத பாரத்தை அவர் போடத்தான் செய்வார். மூட்டையைச் சிறிதாகக் கட்டுங்கள். உள்ளே இருப்பது என்னவென்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். கண்ணாடியைத் தாங்கத் தெரிந்த கைகள் காரீயத்தையும் தாங்கும்.