சங்கராபுரமும் பாம்புக்கடியும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கேயுள்ள சங்கராபுரம் வட்டம் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் நிலமாம். நெல் உள்ளவிடத்து எலியும், எலி உள்ளவிடத்துப் பாம்பும் சேர்தல் இயல்பே. 2000 முதல் 2019 வரையுள்ள இருபதாண்டுகளில் இந்தியாவில் ஏறக்குறைய 12 இலட்சம் மக்கள் பாம்புக்கடியால் மாண்டனரென ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். அவருட் பெரும்பாலோர் நம்மூர் போன்ற சிற்றூரினரே.

நம் நாட்டில் மிகுதியும் உயிர்கொள்வன நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்காம். விரியன் எனப் பெயர் பூண்டிருப்பினும் கட்டுவிரியன் விஷத்தால் நாகத்துக்கே உறவாகும். இவ்விரண்டின் விஷமும் நரம்பைத் தாக்கும். ஏனையிரண்டின் விஷம் இரத்தத்தை உறையவொட்டாது செய்யும். கண்ணாடிவிரியன் தீண்டிய இடம் விரைவில் வீங்கி நோவெடுக்கும், ஈறு கசியும், சிறுநீரகமும் கெடுதலுண்டு.

இவற்றுள் நாம் பெரிதும் அஞ்சவேண்டியது கட்டுவிரியனையே. அது நள்ளிரவில் தரையிற் படுத்துறங்குவோரைத் தீண்டும். நோவில்லை, வீக்கமில்லை, பல்தடமும் புலப்படுவதரிது. விடியலில் வயிற்றுவலியென எழுவார். வீட்டார் அஜீரணமென்று கஷாயம் கொடுப்பர். பின்னர் இமை தாழும், விழுங்கலும் பேச்சும் தடைப்படும், ஈற்றில் மூச்சு ஒடுங்கும். ஆகவே தரையில் உறங்கினார் ஒருவர் காரணமின்றி வயிறு நொந்து, கண்ணிமை தூக்கமாட்டாராயின், கடியைக் கண்டவர் இலரெனினும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

மந்திரத்தாலும் பச்சிலையாலும் பிழைத்தார் பலரைக் காட்டுவார் உளர். அவர் கூற்றுப் பொய்யன்று. தீண்டுவனவற்றுட் பல சாரையும் தண்ணீர்ப் பாம்பும் போன்ற விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சிற்சில வேளை விஷம் செலுத்தாது கடிப்பதுண்டு. இவ்விருவகையினரும் ஒன்றுஞ் செய்யாதிருப்பினும் பிழைத்திருப்பர். விஷமேறினார்க்கோ அங்குக் கழிந்த நாழிகையே எமனாகும்.

கடிவாயைக் கீறலும், வாயால் உறிஞ்சலும், கயிற்றால் இறுக்கலும் ஆகா. இறுக்கிய உறுப்பு அழுகுதலுமுண்டு. கடியுண்ட காலையோ கையையோ மட்டை வைத்து அசையாதிருத்தி, நடக்கவிடாது, 108 வண்டியை அழைத்துக் கள்ளக்குறிச்சி போன்றவிடத்துள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லலே முறை. பாம்பைத் தேடி அடித்துக் கொணர்தல் வீண்வேலை. மற்றுமொருவர் கடியுண்ணவே அது வழியாகும்.

ஆங்கு மருத்துவர் சிறிது இரத்தமெடுத்துப் புதிய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைப்பர். உறையாதாயின் விரியன் விஷமெனத் தெளிவர். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷமேற்றி, அதன் இரத்தத்தினின்று எடுப்பதே விஷமுறிவு மருந்து. வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்தளிக்கும் விஷம் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. ஒரே மருந்து நான்கு பாம்பின் விஷத்தையும் முறிக்கும். சிறுவர்க்கு மருந்து குறைப்பதில்லை. பாம்பு ஆளின் அளவு பார்த்து விஷம் செலுத்துவதில்லையன்றோ. இம்மருந்தால் சிலர்க்கு ஒவ்வாமை நேர்ந்து மூச்சடைக்குமாதலின், அதற்கு மாற்றும் அருகே வைத்தே மருத்துவர் இதனை நரம்பிலேற்றுவர்.

கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியைச் சிதைத்தபின் மருந்து அதனை மீட்கமாட்டாது. மூச்சுக்கருவி பொருத்திக் காத்திருப்பின், நரம்பு நுனி மீண்டும் தளிர்க்க, சின்னாளிலோ சில வாரத்திலோ நோயாளர் தாமே மூச்சுவிடத் தொடங்குவர்.